துப்பாக்கி யார் கையில் இருக்கலாம்? வாசகர் கேள்வி – பதில்

பொதுமக்கள் துப்பாக்கி வைத்திருப்பதை இன்னும் கடுமையாகக் கட்டுப்படுத்த வேண்டுமா என்று சென்ற இதழில் ஒரு வாசகர் கேட்டிருந்தார். ஆமாம், கட்டாயம் வேண்டும் என்று பதில் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு நிறையப் பேர் எழுதியிருக்கிறீர்கள். சில கடிதங்களில் கோபம், சிலவற்றில் பாராட்டு, பலவற்றில் நிஜமான சந்தேகம். எல்லாவற்றையும் போட இடமில்லை, ஆனால் இந்த முறை சினிமா, அரசியல் கேள்விகளை ஒத்திவைத்துவிட்டு பக்கம் முழுவதையும் இதற்கே கொடுத்திருக்கிறேன்.

கேள்வி: சட்டத்துக்குப் பயப்படுகிறவன்தான் லைசென்ஸ் கேட்டு வரிசையில் நிற்பான். ரவுடி எந்த ஆபீசில் போய் மனு கொடுக்கிறான்? நீங்கள் சொல்லும் கட்டுப்பாடெல்லாம் நல்லவன் கையைக் கட்டிப்போடத்தானே உதவும்?

அதிகம் பேர் கேட்டிருப்பது இதைத்தான். ரவுடி கையில் இருக்கும் துப்பாக்கி எங்கே பிறந்தது என்று கொஞ்சம் யோசியுங்கள். கள்ளச்சாராயம் மாதிரி அதைக் காட்டுக்குள் ஊறல் போட்டுக் காய்ச்சிவிட முடியாது. பட்டறையில் அடித்த நாட்டுத் துப்பாக்கிகளை விட்டுவிட்டால், கள்ளச் சந்தையில் கைமாறுகிறவற்றில் பெரும்பாலானவை ஏதோ ஒரு தொழிற்சாலையில் முறையாகச் செய்து, ஏதோ ஒரு கடையில் முறையாக விற்றவைதான். நடுவில் எங்கோ தடம் மாறுகின்றன. தனக்கென்று சொல்லி வேறொருவனுக்காக வாங்குவார்கள், பூட்டாத அலமாரியிலிருந்து திருட்டுப் போகும், முதலில் வாங்கியவர் பணமுடைக்கு யாரிடமோ விற்றுவிட்டு அதோடு மறந்தும் போவார். நல்லவர் வாங்கும் இடத்தில் கட்டுப்பாடு தளர்ந்தால் கெட்டவன் கைக்கு வரத்து கூடும். மெக்சிகோவைப் பாருங்கள். அங்கே சட்டப்படி துப்பாக்கி விற்பவை ராணுவம் நடத்தும் ஓரிரு கடைகள் மட்டுமே. அப்படியும் அந்த நாடு ரத்தத்தில் நனைகிறது, ஏனென்றால் கும்பல்களின் கையில் இருப்பதில் பெரும்பகுதி வடக்கே எல்லை தாண்டி, சுலபமாக வாங்க முடிகிற அமெரிக்கக் கடைகளிலிருந்து வருகிறது.

அமெரிக்காவில் ஒரு கொலை நடந்த இடத்தில் துப்பாக்கி கிடைத்தால் அதை யார் வாங்கியது என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் தெரியுமா? மேற்கு வர்ஜீனியா மாநிலத்தில் மார்ட்டின்ஸ்பர்க் என்ற சிறிய ஊரில் அதற்கென்றே ஒரு மத்திய அலுவலகம் இருக்கிறது. துப்பாக்கியின் வரிசை எண்ணை வைத்துத் தயாரித்த கம்பெனியைக் கேட்பார்கள், அவர்கள் மொத்த வியாபாரியைக் கைகாட்டுவார்கள், அவர் கடைக்காரரை. கடைக்காரர் தொழிலை மூடிவிட்டிருந்தால் அவருடைய பழைய ரசீதுகள் பெட்டி பெட்டியாக இந்த அலுவலகத்துக்கு வந்திருக்கும். அவற்றைப் படம் பிடித்துச் சேமிக்கலாம், ஆனால் பெயரைத் தட்டினால் ஆளைக் காட்டும்படி கணினியில் ஏற்றக் கூடாது. துப்பாக்கி வைத்திருப்பவர்களின் தேசியப் பதிவேடு எதையும் அரசு உருவாக்கக் கூடாது என்று 1986-லிருந்து சட்டம் தடுக்கிறது. ஆகவே ஊழியர்கள் உட்கார்ந்து பக்கம் பக்கமாகப் புரட்டித் தேடுகிறார்கள். கடைசியில் கிடைப்பதும் முதலில் வாங்கியவரின் பெயர் மட்டும்தான், அவர் தனிப்பட்ட முறையில் இன்னொருவருக்கு விற்றிருந்தால் பல மாநிலங்களில் தடம் அங்கேயே அறுந்துவிடும். குற்றவாளிக்கு இதைவிட வசதியான ஏற்பாடு வேறென்ன இருக்க முடியும்?

அப்புறம் அந்த ‘நல்லவன்’ விஷயம். ஸ்காட்லாந்தின் டன்பிளேன் பள்ளியில் 1996-ல் 16 குழந்தைகளையும் ஓர் ஆசிரியையையும் கொன்றவன் லைசென்ஸ் உள்ள துப்பாக்கிகளோடுதான் உள்ளே போனான். நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச்சில் 2019-ல் 51 பேரைக் கொன்றவனுக்கும் லைசென்ஸ் இருந்தது. டெக்சாஸின் யுவால்டியில் 2022-ல் 19 குழந்தைகளையும் 2 ஆசிரியைகளையும் கொன்றவன், 18 வயது முடிந்த சில நாட்களில் சட்டப்படி கடையில் வாங்கிய துப்பாக்கியோடு போனான். தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் தேவாலயத்தில் 2015-ல் 9 பேர் செத்தார்களே, சுட்டவன் துப்பாக்கி வாங்கியபோது அவனுடைய பின்னணிச் சோதனை முடியவே இல்லை. மூன்று வேலை நாட்களுக்குள் பதில் வராவிட்டால் கடைக்காரர் விற்கலாம் என்று விதி இருந்ததால் விற்றுவிட்டார்கள். சார்ல்ஸ்டன் ஆளை விட்டுவிட்டால், சுடுகிற நாள் வரைக்கும் மற்றவர்கள் எல்லாரும் சட்டத்தின் பார்வையில் உங்களையும் என்னையும் போல நல்லவர்கள்தான்.

கேள்வி: அமெரிக்காவில் துப்பாக்கிக்குப் பலியாகிறவர்கள் என்று பெரிய எண்ணைச் சொல்கிறார்கள். அதில் பாதிக்கு மேல் தற்கொலை என்பதை மறைக்கிறார்கள். சாக நினைப்பவன் துப்பாக்கி இல்லாவிட்டால் வேறு வழி தேடிக்கொள்வான். அதையும் ஏன் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும்?

மறைக்க எனக்கு எந்தக் காரணமும் இல்லை. 2021-ல் அங்கே துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,830 பேர், அவர்களில் 26,328 பேர் தற்கொலை செய்துகொண்டவர்கள். கட்டுப்பாடு வேண்டும் என்று நான் சொல்வதற்கு முதல் காரணமே இந்த எண்தான். பள்ளிக்கூடத்தில் சுடுகிறவன் தொலைக்காட்சியில் வருகிறான். தன் வீட்டில், தன் அறையில், தன் துப்பாக்கியால் போகிறவரைப் பற்றி யாருக்கும் தெரிவதில்லை.

‘வேறு வழி தேடிக்கொள்வான்’ என்று நாம் எல்லோரும் சுலபமாகச் சொல்கிறோம், ஆனால் உண்மை அப்படி இல்லை. தற்கொலைக்கு முயன்று பிழைத்த இளைஞர்களை ஹூஸ்டனில் விசாரித்த ஓர் ஆய்வில் கிட்டத்தட்டக் கால்வாசிப் பேர், முடிவெடுத்ததற்கும் செய்ததற்கும் நடுவே 5 நிமிடம்கூட இல்லை என்றார்கள். பிழைத்தவர்களில் 10-க்கு 9 பேர் பிற்பாடு தற்கொலையால் இறப்பதில்லை என்று பல நாட்டு ஆய்வுகள் காட்டுகின்றன. அந்தச் சில நிமிடங்களை எப்படியாவது கடந்துவிட்டால் ஆள் தப்பிவிடுகிறார் என்று அர்த்தம். மனம் மாறவும், யாராவது கதவைத் தட்டவும், ஆம்புலன்ஸ் வரவும் நேரம் வேண்டும். துப்பாக்கி அந்த நேரத்தைக் கொடுப்பதில்லை.

இஸ்ரேல் ராணுவத்தில் இளம் வீரர்களின் தற்கொலை கவலைப்படும் அளவில் இருந்தது. 2006-ல், வார விடுமுறைக்கு வீட்டுக்குப் போகிறவர்கள் துப்பாக்கியை முகாமிலேயே வைத்துவிட்டுப் போக வேண்டும் என்று ஏற்பாடு செய்தார்கள். மொத்தத் தற்கொலைகள் சுமார் 40 சதவீதம் குறைந்தன. வார நாட்களில் குறையவில்லை, வார இறுதியில்தான் குறைந்தன. அதே பையன்கள், அதே மனச்சுமை, ஆயுதம் மட்டும் கைக்கு எட்டவில்லை, அவ்வளவுதான். இலங்கையில் 1990-களிலிருந்து அதிக நச்சுள்ள பூச்சிமருந்துகளை ஒவ்வொன்றாகத் தடை செய்தபோதும் இப்படித்தான், தற்கொலை விகிதம் பத்தாண்டுகளில் ஏறக்குறையப் பாதியானது. ‘வேறு வழி’ என்பது உண்மையாக இருந்தால் இந்த உயிர்கள் மிஞ்சியிருக்காது.

கேள்வி: நான் தனியாக வாழும் பெண். இரவில் யாராவது கதவை உடைத்தால் போலீஸ் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிடும். எனக்குத் துப்பாக்கி வேண்டாம் என்று சொல்ல நீங்கள் யார்?

உங்கள் பயம் நியாயமானது, அதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவே இல்லை. ஆனால் ஆபத்து எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பாருங்கள். 2023-ல் உலகம் முழுக்கக் கொல்லப்பட்ட பெண்களும் சிறுமியரும் சுமார் 85,000 பேர் என்கிறது ஐ.நா. மதிப்பீடு. அவர்களில் சுமார் 51,100 பேரைக் கொன்றது கணவன், காதலன் அல்லது சொந்தக் குடும்பத்தார். அந்தக் கொலைகாரர்கள் கதவை உடைக்கவில்லை, சாவி வைத்திருந்தார்கள். அடிக்கிற ஆணுக்குத் துப்பாக்கி கிடைக்கும் நிலை இருந்தால் அந்தப் பெண் கொல்லப்படும் அபாயம் 5 மடங்கு என்று 2003-ல் வெளியான ஓர் ஆய்வு கண்டது. கலிஃபோர்னியாவில் லட்சக்கணக்கானவர்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து பார்த்ததில், கைத்துப்பாக்கி வைத்திருப்பவரோடு ஒரே வீட்டில் வாழ்கிறவர்கள் வாழ்க்கைத் துணையால் வீட்டில் சுட்டுக் கொல்லப்படும் வாய்ப்பு மற்றவர்களைவிட 7 மடங்கு இருந்தது. அதே மாநிலத்தில், கைத்துப்பாக்கி வாங்கிய பெண்கள் துப்பாக்கியால் தற்கொலை செய்துகொள்ளும் வாய்ப்பு வாங்காத பெண்களைவிட 35 மடங்கு.

நீங்கள் தனியாக இருக்கிறீர்கள், ஆகவே கணவன் பற்றிய எண்கள் உங்களுக்குப் பொருந்தாது என்று சொல்லலாம். சரி. ஆனால் தலையணைக்கு அடியில் நிரப்பிய துப்பாக்கியோடு தூங்கினால்தான் அது நீங்கள் நினைக்கிற நேரத்தில் பயன்படும், அப்படி வைத்திருக்கும் துப்பாக்கிதான் வீட்டுக்கு வரும் குழந்தைக்கும் திருடனுக்கும் முதலில் கிடைக்கும். பூட்டி, தோட்டாவைத் தனியாக வைத்தால் நள்ளிரவில் உதவாது. இதற்கு நடுவழி ஒன்று இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. உறுதியான கதவு, வெளி விளக்கு, அலாரம், கூப்பிட்டால் ஓடிவரும் அக்கம்பக்கம், சீக்கிரம் வருகிற போலீஸ் இதெல்லாம் கேட்க அலுப்பாக இருக்கும், தெரியும். ஆனாலும் உங்கள் உயிருக்காக நான் கேட்டு வாங்கச் சொல்வது அவற்றைத்தான்.

ஒன்று சொல்லலாம். மனைவியை அல்லது காதலியை மிரட்டியதற்காக நீதிமன்றத் தடையாணை உள்ளவன் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது என்ற சட்டத்தை 2024-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றமே 8-க்கு 1 என்ற கணக்கில் சரி என்றது. துப்பாக்கி உரிமையை உலகத்திலேயே அதிகமாகத் தூக்கிப்பிடிக்கும் நாட்டில்! பெண்களைக் காப்பாற்றும் கட்டுப்பாடு என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இதுதான்.

கேள்வி: சுவிட்சர்லாந்தில் வீட்டுக்கு வீடு துப்பாக்கி. அங்கே கொலை நடக்கிறதா?

வீட்டுக்கு வீடு என்பது மிகை. ராணுவப் பயிற்சி முடித்த ஆண்கள் பலர் ரைபிளை வீட்டில் வைத்திருக்கிறார்கள், உண்மை. ஆனால் 2007-க்குப் பிறகு பெரும்பாலானவர்களுக்கு ராணுவத் தோட்டாவை வீட்டுக்குக் கொடுப்பதில்லை. 2019-ல் சட்டத்தை இன்னும் இறுக்கலாமா என்று மக்களிடமே வாக்கெடுப்பு நடத்தினார்கள், சுமார் 64 சதவீதம் பேர் ஆமாம் என்றார்கள். 2003-ல் ராணுவத்தின் அளவைப் பாதியாகக் குறைத்தபோது வீடுகளில் இருந்த துப்பாக்கிகளும் குறைந்தன, அதே வயது ஆண்களிடையே தற்கொலையும் குறைந்தது. உதாரணம் காட்டும்போது முழு சுவிட்சர்லாந்தையும் காட்டுங்கள்.

கேள்வி: எதற்கெடுத்தாலும் ஆஸ்திரேலியா என்கிறீர்கள். 2025-ல் போண்டை கடற்கரையில் என்ன ஆயிற்று?

நியாயமான கேள்வி. சிட்னியின் போண்டை கடற்கரையில் டிசம்பர் 14 அன்று யூதர்களின் பண்டிகைக் கூட்டத்தில் புகுந்து சுட்டதில் 15 பேர் இறந்தார்கள். சுட்ட இருவரில் ஒருவரான தந்தையிடம் லைசென்ஸும் இருந்தது, பதிவு செய்த துப்பாக்கிகளும் இருந்தன. ஆஸ்திரேலியச் சட்டம் தோற்றுவிட்டது என்று அன்றைக்கே பலர் எழுதினார்கள்.

கொஞ்சம் பின்னால் போவோம். 1996 ஏப்ரல் 28, டாஸ்மேனியாவின் போர்ட் ஆர்தரில் ஒருவன் 35 பேரைக் கொன்றான். ஜான் ஹோவர்ட் பிரதமராகி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. அவர் வலதுசாரி, அவருக்கு ஓட்டுப் போட்டவர்களில் கிராமப்புறத் துப்பாக்கிக்காரர்கள் ஏராளம். அப்படியும் 12 நாட்களுக்குள் எல்லா மாநிலங்களையும் ஒரே மேசைக்குக் கொண்டுவந்தார். தானாகத் தோட்டா ஏறும் ரைபிள்களுக்குத் தடை, வாங்க 28 நாள் காத்திருப்பு, எதற்காக வேண்டும் என்பதற்குத் தகுந்த காரணம், பாதுகாப்பாகப் பூட்டி வைப்பது எல்லாம் வந்தன. தற்காப்பு என்பதைத் தகுந்த காரணமாக ஏற்கவில்லை. சுமார் ஆறரை லட்சம் துப்பாக்கிகளை அரசு விலை கொடுத்து வாங்கி நொறுக்கியது. விக்டோரியா மாநிலத்தின் சேல் நகரத்தில் கொதித்துப்போயிருந்த துப்பாக்கிக்காரர்கள் முன்னால் ஹோவர்ட் பேசியபோது கோட்டுக்குள் குண்டு துளைக்காத சட்டை அணிந்திருந்தார், அது துருத்திக்கொண்டு வெளியே தெரிந்தது. அவர் கொள்கைகள் பலவற்றோடு எனக்கு உடன்பாடு கிடையாது, ஆனால் தன் சொந்த ஆதரவாளர்கள் முகத்துக்கு நேரே போய் நின்றதற்காக அவரை மதிக்கிறேன்.

1979-லிருந்து போர்ட் ஆர்தர் வரை அங்கே ஐந்து பேரோ அதற்கு மேலோ கொல்லப்பட்ட துப்பாக்கிச் சூடுகள் 13 நடந்தன. அதற்கப்புறம் 2018 வரை ஒன்றுகூட இல்லை, அந்த ஆண்டில் நடந்ததும் ஒரே குடும்பத்துக்குள் நடந்தது. துப்பாக்கிச் சாவுகள் 1996-க்கு முன்பே குறையத் தொடங்கிவிட்டன, சட்டத்துக்கு எவ்வளவு பங்கு என்று ஆய்வாளர்கள் இன்னமும் வாதாடுகிறார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் போண்டை காட்டுவது என்ன? 1996-க்குப் பிறகு மெல்ல மெல்லப் பிடி தளர்ந்தது. நாட்டிலுள்ள துப்பாக்கிகளின் எண்ணிக்கை பழையபடி ஏறி 1996-ஐத் தாண்டிவிட்டது, தேசியப் பதிவேட்டுக்கு 2023-ல்தான் எல்லா மாநிலங்களும் தலையாட்டின, 2025-ல் அது இன்னும் வேலைக்கு வரவில்லை. போண்டைக்குப் பிறகு அந்த நாட்டு அரசு என்ன சொன்னது? ஒருவர் வைத்திருக்கும் எண்ணிக்கைக்கு வரம்பு, மறுபடி துப்பாக்கிகளை விலைக்கு வாங்குவது என்று இன்னும் இறுக்கத்தான் சொன்னது. தளர்த்தலாம் என்று சொல்லவில்லை.

கேள்வி: இந்தியர்களிடமிருந்து ஆயுதத்தைப் பறித்த சட்டத்தை வெள்ளைக்காரன் செய்த கேடுகளிலேயே கறுப்பானது என்று காந்தியே சொல்லியிருக்கிறார். காந்தியைவிட நீங்கள் பெரிய அகிம்சாவாதியா?

இல்லை. அவர் அப்படிச் சொன்னது நிஜம். ஆனால் எங்கே சொன்னார்? 1918-ல், முதல் உலகப் போருக்கு ஆள் சேர்க்க குஜராத்தின் கேடா கிராமங்களில் நடந்து திரிந்தபோது வெளியிட்ட துண்டறிக்கையில். படையில் சேருங்கள், அரசின் சந்தேகம் தீரும், ஆயுதச் சட்டமும் போகும் என்று மக்களைக் கூப்பிடும் வாதம் அது. அவர் குறிப்பிட்டது லிட்டன் பிரபு காலத்து 1878 சட்டத்தை. அந்தச் சட்டம் இந்தியனைத் தடுத்து ஐரோப்பியர்களுக்கு விலக்குக் கொடுத்தது. ஆள்கிற இனத்துக்கு ஒரு நீதி, ஆளப்படுகிற ஜனங்களுக்கு ஒரு நீதி. அதை எதிர்க்காமல் இருந்திருந்தால்தான் வருத்தப்பட வேண்டும். எல்லாருக்கும் ஒரே மாதிரி பொருந்துகிற சட்டத்தை மக்களே தேர்ந்தெடுத்த சபை போடுவது வேறு விஷயம். விடுதலைக்குப் பிறகு 1959-ல் வந்த இந்திய ஆயுதச் சட்டமும் லைசென்ஸ் வேண்டும் என்றுதான் சொல்கிறது, 2019 திருத்தம் ஒருவர் வைத்திருக்கும் எண்ணிக்கையை 3-லிருந்து 2 ஆகக் குறைத்தது. அந்தத் திருத்தத்தில் எனக்குப் பிடிக்காதது, லைசென்ஸ் காலத்தை 3 ஆண்டிலிருந்து 5 ஆண்டாக நீட்டியது. 5 ஆண்டில் ஒரு மனிதனுக்கு என்னென்னவோ ஆகிவிடலாமே.

கேள்வி: மக்கள் கையில் ஆயுதம் இருந்தால்தான் சர்வாதிகாரி பயப்படுவான். சரிதானே?

சரியில்லை. ஒரு ராணுவத்திடம் பீரங்கியும் விமானமும் இருக்கிறது. அலமாரியில் இருக்கும் ரைபிளுக்கு எந்த ஆட்சியும் பயப்படப் போவதில்லை, தெருவுக்கு வரும் லட்சம் பேருக்குத்தான் பயப்படும். பிலிப்பைன்ஸில் 1986-ல் சர்வாதிகாரி மார்கோஸ் ஓடியதும், 1989-ல் பெர்லின் சுவர் விழுந்ததும் பெரும்பாலும் வெறுங்கை ஜனங்களால்தான். மறுபக்கம், துப்பாக்கிகள் மலிந்த நாட்டில் ஆட்சி ஆட்டம் கண்டால் அந்தத் துப்பாக்கிகள் முதலில் திரும்புவது அண்டை வீட்டுக்காரன் மேல்.

கேள்வி: ஜப்பானில் அவ்வளவு கெடுபிடி இருந்தும் ஷின்சோ அபேயை வீட்டில் செய்த துப்பாக்கியால் கொன்றார்களே. இப்போது முப்பரிமாண அச்சு இயந்திரத்திலேயே துப்பாக்கி எடுக்கிறார்கள். இனி சட்டம் எதற்கு?

ஒரு முன்னாள் பிரதமரைக் கொல்ல நினைத்தவனுக்குக் குழாயும் ஒட்டுநாடாவும் கொண்டு தானே ஒன்றைக் கட்டிக்கொள்ளும் நிலைதான் அங்கே இருந்தது, 2022-ல். சுமார் 12.5 கோடிப் பேர் வாழும் நாட்டில் துப்பாக்கிச் சூட்டில் கொல்லப்படுவோர் பெரும்பாலான ஆண்டுகளில் விரல்விட்டு எண்ணும் அளவே. மாதக்கணக்கில் திட்டமிட்டவன் ஒருவன் தாண்டிவிட்டான் என்பதற்காக, கோபம் வந்த கணத்தில் கைநீட்டி எடுக்கப் போகிற ஆயிரம் பேருக்கு வேலியைத் திறந்துவிட முடியாது. வீட்டில் செய்வது, பாகங்களாக வாங்கிப் பூட்டுவது எல்லாம் வளரும் ஆபத்துதான், அதற்கும் சட்டம் நீள வேண்டும். வரிசை எண் இல்லாமல் பாகங்களாக விற்கும் துப்பாக்கிகளையும் முழுத் துப்பாக்கி போலவே நடத்தலாம் என்று 2025 மார்ச்சில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டிருக்கிறது.

கேள்வி: கல்யாணத்தில் சந்தோஷத்துக்கு வானத்தைப் பார்த்துச் சுடுவதில் என்ன தப்பு?

மேலே போகிற தோட்டா கீழே வரும், யார் தலைமேல் என்று சுட்டவருக்குத் தெரியாது. பல நாடுகளில் மாப்பிள்ளையும் குழந்தைகளும் செத்திருக்கிறார்கள். இந்தியாவில் 2019 திருத்தப்படி பிறர் பாதுகாப்பைக் கெடுக்கும்படி இப்படிச் சுட்டால் 2 ஆண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

கேள்வி: நான் துப்பாக்கி சுடும் போட்டிகளில் கலந்துகொள்கிறவன். ஒரு தோட்டாகூட இலக்கைத் தவிர வேறெதன் மேலும் பட்டதில்லை. எவனோ செய்த கொலைக்கு எங்களையும் குற்றவாளி மாதிரி நடத்துவது அநியாயம் இல்லையா?

உங்கள் வருத்தம் புரிகிறது. உங்களைக் குற்றவாளி என்று யாரும் சொல்லக் கூடாது. ஒருவருக்கு ஒரு காரணம் இருக்கிறதா, அந்தக் காரணத்துக்கு எந்த வகை ஆயுதம் போதும், அதை அவர் எப்படி வைத்திருக்கிறார், அவர் நிலைமை மாறினால் யாருக்குத் தெரியும் என்று சட்டம் கேட்க வேண்டும், அவ்வளவுதான் நான் சொல்வது.

ஜப்பானில் வேட்டைக்கோ விளையாட்டுக்கோ துப்பாக்கி கேட்கிறவர் வகுப்புக்குப் போய் எழுத்துத் தேர்வு எழுத வேண்டும், சுடும் தளத்தில் செய்து காட்ட வேண்டும், மருத்துவரிடம் மனநலச் சான்று வாங்க வேண்டும். போலீஸ் அவரோடு பேசும், அவரைத் தெரிந்தவர்களையும் விசாரிக்கும். துப்பாக்கிக்கு ஒரு பெட்டகம், தோட்டாவுக்கு வேறொரு பெட்டகம், இரண்டையும் போலீஸ் வந்து பார்க்கும். 3 ஆண்டுக்கு ஒருமுறை லைசென்ஸைப் புதுப்பிக்க வேண்டும். கெடுபிடிதான், ஆனால் அங்கேயும் போட்டிகள் நடக்கின்றன, ஒலிம்பிக்குக்கு ஆட்கள் போகிறார்கள். டன்பிளேனுக்குப் பிறகு கைத்துப்பாக்கியைத் தடை செய்த பிரிட்டனிலும் விளையாட்டு முழுக்கச் செத்துவிடவில்லை, பிஸ்டல் போட்டியாளர்கள் சிரமப்பட்டார்கள் என்பதை ஒப்புக்கொள்கிறேன். 16 குழந்தைகளைப் புதைத்த நாடு அந்தச் சிரமத்தைத் தேர்ந்தெடுத்தது. நானும் அதையே தேர்ந்தெடுப்பேன்.

நல்ல சட்டம் போட்டுவிட்டுத் தூங்கினாலும் பயனில்லை. 2021-ல் இங்கிலாந்தின் பிளிமத்தில் ஒருவன் பிறரைத் தாக்கிய புகாரில் போலீஸ் அவனுடைய துப்பாக்கியையும் லைசென்ஸையும் வாங்கி வைத்தது. பிறகு திருப்பிக் கொடுத்துவிட்டது. சில வாரங்களில் அவன் தாயையும் ஒரு சின்னக் குழந்தையையும் சேர்த்து ஐந்து பேரைக் கொன்றான். வாங்கி வைக்கச் சட்டத்தில் வழி இருந்தது, திருப்பிக் கொடுக்கும் கோப்பில் கையெழுத்துப் போட்ட இடத்தில் குறை. எனவே கடுமையாக்க வேண்டும் என்று நான் சொல்லும்போது அந்த மேசையில் உட்காரும் ஆட்களுக்குப் பயிற்சியும், நேரமும், இல்லை என்று சொல்லும் துணிவும் கொடுப்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

கேள்வி: என் மகன் குடும்பம் அமெரிக்காவில் இருக்கிறது. ஒன்பது வயதுப் பேரன் நண்பர்கள் வீட்டுக்கு விளையாடப் போகிறான். அங்கே துப்பாக்கி இருக்குமோ என்று எனக்குப் பயம். கேட்டால் தப்பாக நினைப்பார்கள் என்று மருமகள் கூச்சப்படுகிறாள். பேரனிடம் “தொடாதே” என்று சொல்லி வளர்த்திருக்கிறோம், அது போதாதா?

போதாதும்மா. 2001-ல் வெளிவந்த ஓர் ஆய்வைச் சொல்கிறேன். 8 முதல் 12 வயது வரை உள்ள 64 பையன்களை இரண்டு மூன்று பேராக ஓர் அறையில் விட்டு, ஒருபக்கக் கண்ணாடி வழியாக 15 நிமிடம் கவனித்தார்கள். ஒரு இழுப்பறையில் தண்ணீர்த் துப்பாக்கி, இன்னொன்றில் சுட முடியாதபடி செய்த நிஜக் கைத்துப்பாக்கி. 48 பையன்கள் நிஜத் துப்பாக்கியைக் கண்டெடுத்தார்கள், 30 பேர் கையில் எடுத்துப் பார்த்தார்கள், 16 பேர் விசையை இழுத்தே விட்டார்கள். கண்டெடுத்தவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு அது பொம்மையா நிஜமா என்று தெரியவில்லை. இதைத்தான் நீங்கள் மனதில் வைக்க வேண்டும்: கையில் எடுத்தவர்களில் 90 சதவீதத்துக்கு மேற்பட்டவர்களுக்கு துப்பாக்கிப் பாதுகாப்புப் பாடம் ஏற்கெனவே சொல்லிக்கொடுக்கப்பட்டிருந்தது. பிள்ளைகள் கெட்டவர்கள் இல்லை, அந்த வயது அப்படி.

அமெரிக்காவில் 2020-லிருந்து 1 முதல் 19 வயது வரையிலானவர்களின் சாவுக்கு முதல் காரணம் துப்பாக்கி, வாகன விபத்துகளைக்கூடத் தாண்டிவிட்டது. ஆகவே மருமகளைக் கூச்சப்படாமல் கேட்கச் சொல்லுங்கள். நாய் இருக்கிறதா, நீச்சல் குளம் இருக்கிறதா என்று கேட்கிற மூச்சிலேயே, “வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா? இருந்தால் தோட்டா எடுத்துத் தனியாகப் பூட்டியிருக்கிறீர்களா?” என்று கேட்கலாம். பொறுப்பானவர் கோபிக்க மாட்டார், பெரும்பாலும் பெட்டகத்தைக் காட்டுவார். கோபிக்கிறவர் வீட்டுக்குப் பிள்ளையை அனுப்ப வேண்டாம், அந்தப் பையனை உங்கள் மகன் வீட்டுக்கு வரச் சொல்லுங்கள்.

கேள்வி: என் தம்பியிடம் லைசென்ஸ் துப்பாக்கி இருக்கிறது. தொழிலில் நஷ்டம், மனைவியும் கோபித்துக்கொண்டு போய்விட்டாள். ஒரு மாதமாகச் சரியாகத் தூங்குவதில்லை. நேற்று “நான் இல்லாவிட்டால் எல்லாருக்கும் நிம்மதி” என்றான். துப்பாக்கியை வாங்கி வைக்கலாமா? தன்மேல் நம்பிக்கை இல்லை என்று இன்னும் நொந்துபோவானோ?

நீங்கள் எழுதியது கைக்கு வந்த அன்றே உங்களுக்குத் தனியாகப் பதில் அனுப்பிவிட்டேன். இதே நிலையில் வேறு வீடுகளும் இருக்கும், அவர்களுக்காக இங்கேயும் எழுதுகிறேன்.

அவரிடம் நேராகவே கேளுங்கள்: தற்கொலை பற்றி யோசிக்கிறாயா? அப்படிக் கேட்டால் எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்று பலர் பயப்படுகிறார்கள். அப்படி நடப்பதில்லை, பெரும்பாலும் ஆளுக்கு ஒரு பாரம் இறங்கும். அவர் சொல்வதை மறுத்துப் பேசாமல், புத்திமதி சொல்லாமல் கேளுங்கள். தனியாக விடாதீர்கள், வீட்டில் ஒருவர் மாற்றி ஒருவர் கூட இருங்கள்.

துப்பாக்கி வீட்டைவிட்டு வெளியே போக வேண்டும். மறைத்து வைப்பது போதாது, அவர் வீடு அது, எங்கே இருக்கும் என்று அவருக்குத் தெரியும். “உன்னை நம்பவில்லை” என்று ஆரம்பிக்காதீர்கள், “நீ தூங்கி எழுந்து சரியாகும் வரைக்கும் வெளியே இருக்கட்டும், அப்புறம் நீயே போய் வாங்கிக்கொள்” என்று சொல்லுங்கள். பல இடங்களில் காவல் நிலையத்திலோ லைசென்ஸ் உள்ள ஆயுதக் கடையிலோ பாதுகாப்புக்காக ஒப்படைத்து ரசீது வாங்கலாம். நீங்களாக எடுத்துக்கொண்டு தெருவில் போகக் கூடாது, உங்கள் பெயரில் லைசென்ஸ் இல்லாவிட்டால் அது குற்றமாகலாம், ஆபத்தும்கூட. முதலில் போன் செய்து விவரத்தைச் சொல்லி, எப்படி ஒப்படைப்பது என்று அவர்களையே கேளுங்கள். அதுவரைக்கும் தோட்டாக்களைத் தனியாக எடுத்துப் பூட்டி, சாவியை அவர் கைக்கு எட்டாத வேறொரு வீட்டில் வையுங்கள்.

அவர் மறுத்தால், உயிருக்கு ஆபத்து என்று நீங்களே காவல்துறைக்குச் சொல்லுங்கள். இப்படிப்பட்ட நேரத்தில் குடும்பத்தார் அல்லது போலீஸ் கேட்டால் நீதிமன்றமே தற்காலிகமாக ஆயுதத்தை வாங்கி வைக்கும் சட்டம் சில அமெரிக்க மாநிலங்களில் இருக்கிறது, கனெக்டிகட்டில் 1999-லேயே வந்துவிட்டது. எல்லா நாட்டுக்கும் இது வர வேண்டும் என்று நான் கேட்பது உங்களைப் போன்ற அண்ணன்களுக்காகத்தான். தம்பி உங்கள்மேல் கோபப்படலாம், சில மாதம் பேசாமலும் இருக்கலாம், இருக்கட்டும். மனநல மருத்துவரிடம் நீங்களே கூட்டிக்கொண்டு போங்கள், முதல் தடவை வாசலோடு திரும்பி வந்தாலும் மறுநாள் மறுபடி கூட்டிக்கொண்டு போங்கள். தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணை அவர் போனிலும் உங்கள் போனிலும் இன்றைக்கே பதிந்து வையுங்கள், அந்த எண்ணில் நீங்களும் பேசலாம், கூட இருக்கிறவர்களுக்கும் அவர்கள் வழி சொல்வார்கள்.